160 கி.மீ. ட்ரெயில் ரேஸில் கணவருக்கு க்ரூ: நாலே இடத்தில்தான் பார்க்க முடியும், என்னென்ன செய்யணும்?

தூறல்_நேரம்:

வீட்டுக்காரர் முதல் தடவையா 160 கி.மீ. ஓடப் போறார். இதுவரை அதிகபட்சம் 80 கி.மீ. க்ரூ (வழியில் சாப்பாடு, துணி கொடுத்து உதவும் ஆள்) நான் ஒருத்திதான், ஒரே கார். பேஸர் (பின்பாதியில் துணைக்குக் கூட ஓடுபவர்) கிடையாது. விவரம் இதுதான்:

காலை 5 மணிக்கு ஸ்டார்ட், மொத்தம் 30 மணி நேரம் கட்-ஆஃப் (அதுக்குள் முடிக்கணும்), அதாவது மறுநாள் காலை 11 மணி. அவர் எதிர்பார்ப்பது 28 மணி நேரம். க்ரூ போகக்கூடிய எய்ட் ஸ்டேஷன் (வழியில் தண்ணீர், சாப்பாடு வைத்திருக்கும் இடம்) நாலு: 38, 72, 105, 136 கி.மீ. அவர் கணக்குப்படி அங்கே வந்து சேரும் நேரம் முறையே காலை 10:30, மாலை 4:15, இரவு 10:30, விடியற்காலை 4:30. இருட்டுவது 6:30 வாக்கில், விடிவது 6 மணிக்கு.

என் கேள்விகள்:

ஒவ்வொரு இடத்திலும் அந்த அஞ்சு பத்து நிமிஷத்தில் நான் என்ன வரிசையில் என்ன செய்யணும்? ராத்திரியில் சாப்பிட மறுத்தால் எப்படிச் சமாளிப்பது? களைப்பில் அவருக்குக் கோபம் சுள்ளென்று வரும், அதுவும் என்கிட்டதான் வரும். கடைசியா, "நான் நிறுத்தறேன்னு சொன்னா நீ விடவே கூடாது"ன்னு இப்பவே சத்தியம் வாங்கப் பார்க்கிறார். அது சரியா?

---

மூணாவது_வளைவு:

முதலில் ரேஸ் விதிப் புத்தகத்தை நீங்களும் வரிக்கு வரி படியுங்கள். ஓடுபவர் படித்தால் போதாது, ஏனென்றால் க்ரூ செய்யும் தப்புக்கும் தண்டனை அவருக்குத்தான். ரேஸுக்கு ரேஸ் விதி மாறும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் யூடிஎம்பி ரேஸில் குறித்த இடங்களில் மட்டும், ஓர் ஓட்டக்காரருக்கு ஒரே உதவியாளர்தான் உள்ளே போகலாம், பேஸருக்கு அனுமதியே இல்லை. அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ரேஸில் ஏறத்தாழ 100 கி.மீ. தாண்டி ஃபாரஸ்ட்ஹில்லிலிருந்து பேஸர் சேரலாம், ஆனால் ஓடுபவரின் தண்ணீரையோ சாப்பாட்டையோ அவர் சுமக்கக் கூடாது. உங்கள் ரேஸில் பார்க்க வேண்டியவை: உதவி செய்யலாம் என்று குறித்த எல்லை எது (அதைத் தாண்டி ஒரு வாழைப்பழம் கொடுத்தாலும் சில ரேஸ்களில் தகுதி நீக்கம்), கட்டாயப் பொருள் பட்டியலை எங்கே சோதிப்பார்கள், போல்ஸை (ஊன்றி ஏறும் கோல்களை) நடுவில் வாங்கவோ கொடுக்கவோ விடுவார்களா, கார் எங்கே நிற்கணும். கடைசியாக ஒன்று முக்கியம்: கட்-ஆஃப் என்பது எய்ட் ஸ்டேஷனுக்குள் வரும் நேரமா, அங்கிருந்து கிளம்பும் நேரமா? பல ரேஸ்களில் அது கிளம்பும் நேரம். ரெண்டுக்கும் பத்து நிமிஷம் வித்தியாசம் வந்து அதிலேயே வெளியேறியவர்கள் நிறைய.

அடுத்து தாள். ஒரே பக்கம், ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று நேரம்: வேகமாக வந்தால், எதிர்பார்ப்பது, கட்-ஆஃப். அவர் சொன்ன நேரத்தை மட்டும் எழுதி வைத்தால் அவர் நாற்பது நிமிஷம் முந்தி வந்துவிட்டுப் போயிருப்பார், நீங்கள் அப்போதுதான் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பீர்கள். முதல் பாதியில் பெரும்பாலும் கணக்கைவிட வேகமாகவும், ரெண்டாம் பாதியில் மெதுவாகவும்தான் வருவார்கள். அதனால் 38, 72 ரெண்டுக்கும் வேகமான நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். நிறுத்துமிடத்திலிருந்து எய்ட் ஸ்டேஷன் ஒரு கி.மீ.க்கு மேல் இருப்பது சகஜம், சாமானை ஒரே நடையில் தூக்கிப் போகிற மாதிரி ஒரு முதுகுப்பை, ஒரு கைப்பை என்று கட்டுங்கள். பெரிய பெட்டியை நம்பினால் ரெண்டு நடை ஆகும்.

லைவ் டிராக்கரில் புள்ளி நகராமல் நின்றால் பதறாதீர்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது. பல ரேஸ்களில் செக்பாயின்ட் தாண்டினால்தான் அடுத்த தகவலே வரும். உங்கள் போனிலும் சிக்னல் போகும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

இப்போது அந்த அஞ்சு நிமிஷம். அவர் வருவதற்கு அரை மணி முன்பே தரையில் ஒரு துண்டை விரித்து, அவர் கை போகிற வரிசையில் வையுங்கள்: இடது ஓரம் நிரப்பிய சாஃப்ட் ஃபிளாஸ்க் (மடங்கும் தண்ணீர் பாட்டில்) ரெண்டு, அடுத்து ஜெல் (சின்ன உறையில் வரும் சர்க்கரைக் கூழ்) பை, நடுவில் இப்போதே சாப்பிட வேண்டியது, வலது ஓரம் துணி, விளக்கு. ஃபிளாஸ்க்கை அங்கே வைத்து நிரப்பாதீர்கள். இன்னொரு ஜோடியை முன்கூட்டியே நிரப்பி வைத்து, வந்ததும் மாற்றிக் கொடுங்கள். குறுகிய வாயுள்ள ஃபிளாஸ்க்கில் பொடி கலப்பது ரெண்டு நிமிஷ வேலை, அவசரத்தில் பாதிப் பொடி கீழே கொட்டும், மூடி கோணலாகத் திருகிக்கொண்டு வெஸ்ட் (ஓடும்போது மாட்டிக்கொள்ளும் பை) முழுக்க ஒழுகும். மூடியபின் தலைகீழாகக் கவிழ்த்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

வரிசை: வெஸ்ட்டை வாங்குங்கள். கையில் சாப்பாட்டைக் கொடுங்கள். அவர் மெல்லும்போது நீங்கள் வெஸ்ட்டிலிருந்து குப்பையை எடுங்கள், எடுக்கும்போதே எண்ணுங்கள். 38லிருந்து 72 வரை சுமார் 5 மணி 45 நிமிஷம். மணிக்கு 60 கிராம் கார்போ (சர்க்கரை, மாவுச்சத்து) என்றால் 345 கிராம். ஒரு ஜெல்லில் 25 கிராம், ஒரு ஃபிளாஸ்க் கலவையில் 40 கிராம் என்று வைத்தால் கணக்கு சுலபம். நீங்கள் கொடுத்த 8 ஜெல்லில் 5 பிரிக்காமல் திரும்பி வந்தால், "நல்லா சாப்பிட்டேன்" என்று அவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. உறை பொய் சொல்லாது.

நேரத்தில் கறாராக இருங்கள். வழியில் மொத்தம் 15 எய்ட் ஸ்டேஷன் என்றால், ஒவ்வொன்றிலும் 3 நிமிஷம் நின்றால் 45 நிமிஷம், 8 நிமிஷம் நின்றால் 2 மணி நேரம். 30 மணி நேர ரேஸில் அந்த வித்தியாசம் ஓடி மீட்க முடியாதது. உங்கள் நாலு இடங்களுக்கு முறையே 4, 8, 12, 6 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம். 105இல் அதிகம் தருவது இரவுக்கு உடை மாற்றவும், பாதத்தைப் பார்க்கவும்.

பெரும்பாலான க்ரூ சறுக்குவது ஹெட்லேம்ப்பில். 72இல் மாலை 4:15க்கு வெளிச்சம் இருக்கும், "அடுத்த இடத்தில் தரலாம்" என்று தோன்றும். அடுத்த இடம் இரவு 10:30. நடுவில் 4 மணி நேரம் இருட்டு. விளக்கு, மாற்று பேட்டரி, மழை ஜாக்கெட், கையுறை நாலும் 72இலேயே வெஸ்ட்டுக்குள் போயாக வேண்டும். 105இல் புது பேட்டரி. குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உதிரியை உடம்போடு ஒட்டிய பையில் வைக்கச் சொல்லுங்கள். அதேபோல 136இல் விடியற்காலை 4:30க்குத் தொப்பியும் சன்ஸ்கிரீனும் கொடுப்பது வேடிக்கையாகத் தோன்றும். கடைசி மூன்று மணி நேரம் வெயிலில்தான்.

---

ஊசியும்_நூலும்:

பாதம் மட்டும் சொல்றேன், மத்ததை மத்தவங்க பார்த்துப்பாங்க.

புகார் இல்லைன்னா ஷூவைக் கழட்டாதீங்க. கழட்டினா பாதம் வீங்கி மறுபடி உள்ளே போகாது, பத்து நிமிஷமும் போயிடும். "எங்கேயாவது உரசுதா?"ன்னு மட்டும் கேளுங்க. உரசுதுன்னு சொன்னா உடனே கழட்டணும். சூடா எரியற இடம் அடுத்த 10 கி.மீ.ல கொப்புளம்.

பெட்டியில இருக்க வேண்டியது: கிருமி நீக்கிய ஊசி 4, ஆல்கஹால் துடைப்பான், சின்ன வளைஞ்ச கத்தரி, நீளாத கெட்டி டேப், நீளற டேப், பென்சாயின் டிங்க்சர் (டேப் நல்லா ஒட்ட தோலில் தடவறது), காஸ் துணி, ஈரத் துடைப்பான், சின்னத் துண்டு, ஜிங்க் கலந்த கெட்டி க்ரீம், 3 ஜோடி சாக்ஸ். டேப்பை வீட்டிலேயே 8 செ.மீ. துண்டா வெட்டி மூலையை வட்டமாக்கி வெச்சுக்கோங்க. சதுர மூலைதான் முதல்ல சுருளும். சுருண்ட டேப் புதுக் கொப்புளம் போடும்.

கொப்புளம் வந்திருந்தா: ஈரத் துடைப்பானால துடைச்சு, துண்டால ஒத்தி, 2 நிமிஷம் காத்தாட விடுங்க. ஈரத் தோலில் எந்த டேப்பும் ஒட்டாது. ஆல்கஹால் தடவி, கொப்புளத்தோட அடி ஓரத்தில் ரெண்டு மூணு துளை போடுங்க, நடக்கும்போது அழுத்தம் தண்ணியைத் தானே வெளியே தள்ளுற பக்கமா. ஒரே துளை போட்டா அது மூடிக்கிட்டு மறுபடி நிரம்பும். காஸ் வெச்சு அழுத்துங்க. மேல்தோலை வெட்டாதீங்க, அதைவிட நல்ல கட்டு உங்க பெட்டியில இல்லை. டிங்க்சரைக் கொப்புளத்தைச் சுத்தி நல்ல தோலில் மட்டும் தடவணும். துளைக்குள்ள போனா மனுஷன் நாற்காலியை விட்டே எழுந்துடுவார். அரை நிமிஷம் விட்டு அது பிசுபிசுன்னு ஆனதும் டேப். குதிகால்ல ஒட்டும்போது பாதத்தைச் செங்குத்தா மடக்கி வெச்சு ஒட்டுங்க, தளர்ந்த நிலையில ஒட்டினா நடக்கும்போது சுருக்கம் விழும். கையால ஒரு நிமிஷம் தேய்ச்சு சூடேத்துங்க, பசை அப்பத்தான் பிடிக்கும். சாக்ஸை இழுக்காதீங்க, முழுக்கச் சுருட்டி விரல்லேர்ந்து உருட்டி ஏத்துங்க.

ரத்தம் கலந்த கொப்புளத்தைக் குத்தாதீங்க. நகத்துக்கு அடியில ரத்தம் கட்டியிருந்தா மருத்துவக் குழுகிட்ட விடுங்க.

பாதம் முழுக்க வெளுத்துச் சுருங்கி, மடிப்பு மடிப்பா இருந்தா அது ஊறல். அதுக்கு ஊசி வேலை இல்லை. துடைச்சு, 5 முதல் 10 நிமிஷம் காயவிட்டு, க்ரீமைக் கெட்டியாப் பூசி, காய்ஞ்ச சாக்ஸ். 105இல் இதுக்குத்தான் நேரம் வைக்கணும். ஆத்தைக் கடக்கிற இடம் எங்கேன்னு வரைபடத்துல பாருங்க, அதுக்குப் பிந்தின க்ரூ இடத்துலதான் சாக்ஸ் மாத்தணும். முந்தின இடத்துல மாத்தினா வீண்.

ரெண்டாவது ஷூ அரை அளவு பெரிசா இருக்கலாம், ஆனா அதுல ஏற்கெனவே 50 கி.மீ.யாவது ஓடியிருக்கணும். நகம் வெட்டறது ரேஸுக்கு மூணு நாலு நாள் முன்னாடி. முந்தின ராத்திரி வெட்டினா ஓரம் கூரா நின்னு பக்கத்து விரலைக் கிழிக்கும்.

---

பாதி_சூப்:

சாப்பாட்டுக்கும் கோபத்துக்கும் ஒரே பதில்தான் தூறல். சர்க்கரை இறங்கினா மனுஷன் எரிஞ்சு விழுவார். அதை உங்க மேல இருக்கிற கோபம்னு எடுத்துக்காதீங்க, "ஜெல் எப்போ போட்டார்"னு பாருங்க. பதில் சொல்லாம, விளக்கம் கொடுக்காம, கையில எதையாவது திணிச்சு விடுங்க. 200 கலோரி உள்ளே போய் பத்து நிமிஷம் ஆனா ஆள் மாறிடுவார்.

"என்ன வேணும்?"னு கேக்கவே கேக்காதீங்க. 100 கி.மீ. தாண்டின மூளைக்கு அது பெரிய பரீட்சை. "ஒண்ணும் வேண்டாம்"னுதான் வரும். "சூப்பா, உருளைக்கிழங்கா?" அவ்வளவுதான். பதில் வரலைன்னா நீங்களே ஒண்ணைக் கையில வைங்க.

இனிப்பு பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துல கசந்துடும். ஜெல்லைப் பார்த்தாலே குமட்டும்னு சொல்லுவாங்க. அதனால 72லேர்ந்து உப்புப் பக்கம் திருப்புங்க: உப்பு தூவின வேகவெச்ச உருளைக்கிழங்கு (ஒரு வாய்க்கு அடங்கற அளவு), சூப், நூடுல்ஸ். சூப்பை தெர்மாஸ் ஃபிளாஸ்க்லேர்ந்து அப்படியே ஊத்தினா நாக்கு வெந்துடும், ஆறற வரைக்கும் அவர் உக்காந்திருப்பார், நேரம் போயிடும். அவர் வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே மூடியைத் திறந்து வைங்க. கோலாவையும் முன்னாடியே திறந்து குலுக்கி கேஸை எடுத்துடுங்க, இல்லைன்னா ஏப்பத்தோட எல்லாம் மேலே வரும். மிச்சத்தை ஜிப் பையில போட்டுக் கொடுத்து அனுப்புங்க. எய்ட் ஸ்டேஷனை விட்டு வெளியே பத்து நிமிஷம் நடந்துகிட்டே சாப்பிடறதுதான் செரிக்கும், அது இலவச நேரமும் கூட.

குளுக்கோஸ் மட்டும் இருக்கிற பானம்னா குடல் மணிக்கு 60 கிராம் வரைக்கும்தான் உறிஞ்சும். ஃப்ரக்டோஸும் கலந்திருந்தா அது வேற வழியா உள்ளே போறதால 90 வரைக்கும் போகலாம், பயிற்சியில பழகியிருந்தா மட்டும். ரேஸ் அன்னிக்குப் புதுசா எதையும் முயற்சி பண்ணக் கூடாது, எய்ட் ஸ்டேஷன்ல வேற பிராண்டு ஜெல் இலவசமா வெச்சிருந்தாலும் சரி. தண்ணி மணிக்கு 400லேர்ந்து 800 மி.லி., தாகத்தைப் பொறுத்து. ரொம்பக் கெட்டியாக் கலக்கினா வயித்துலேயே நிக்கும். 500 மி.லி.க்கு 40 கிராம், அதாவது 8 சதவீதம், அதுக்கு மேல போக வேண்டாம். கெட்டிக் கலவையைக் குடிச்சு அது மேல ஜெல்லும் போட்டதுதான் பாதி வாந்திக்குக் காரணம்.

காஃபினை ராத்திரிக்கு வெச்சுக்கோங்க. உடம்புல பாதி இறங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும், காலையிலேயே குடிச்சா வேணும்கிற நேரத்துல வேலை செய்யாது. 105இல 100 மி.கி., அதுக்கப்புறம் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை 50லேர்ந்து 100. தூக்கம் ரொம்ப அழுத்தறது ராத்திரி 2லேர்ந்து 5 வரைக்கும், நீங்க அவரை 136இல பார்க்கறது சரியா அந்த நேரத்துல. நடக்கும்போதே தள்ளாடினா 15 நிமிஷம் தூங்க விடலாம், கட்-ஆஃபுக்கு ஒரு மணி நேரமாவது கையில இருந்தா. போர்த்தி விடுங்க, ரெண்டு அலாரம் வைங்க. அரை மணிக்கு மேல போனா ஆழ்ந்து தூங்கி, எழுப்பினா இன்னும் மந்தமாத்தான் இருப்பார்.

பேச்சு. "இன்னும் 55 கி.மீ.தான்"னு சொல்லாதீங்க, அது ஆறுதல் இல்லை. அடுத்த எய்ட் ஸ்டேஷன் எத்தனை கி.மீ., ஏத்தமா இறக்கமா, அவ்வளவு போதும். "ரொம்ப வாடிப் போயிட்டீங்க"ன்னு முகத்தைப் பார்த்துச் சொல்லாதீங்க. வீட்டு விஷயம் எதுவும் வேண்டாம்.

---

தூறல்_நேரம்:

எல்லாரும் இவ்வளவு விவரமா எழுதினதுக்கு நன்றி. ஹெட்லேம்ப் விஷயம் எங்க தாளில் 105இல்தான் இருந்தது, மாத்திட்டேன்!

ரெண்டு விஷயம் இன்னும். வாந்தி எடுத்தால்? அப்புறம், முட்டிவலிக்கு ஐபுப்ரோஃபென் கொண்டு வரச் சொல்லியிருக்கார். கொடுக்கலாமா?

---

ராத்திரி_ஷிஃப்ட்:

ஐபுப்ரோஃபென் வேண்டாம். நீண்ட ஓட்டத்தில் ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திருப்பி விடப்படும், சிறுநீரகத்துக்குப் போவது குறைவு. அந்த நிலையில் சிறுநீரகத்துக்குள் ரத்தக் குழாய்களைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற உடலின் சொந்த ரசாயனம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் தடுப்பதே அதைத்தான். கூடவே நீர் வற்றலும், உடையும் தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதமும் சேர்ந்தால் சிறுநீரகம் அடி வாங்கும். பெட்டியிலேயே வைக்காதீர்கள். இருந்தால் 136இல் கொடுத்து விடுவீர்கள். வலி தாங்கவில்லை என்றால் ரேஸ் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள்.

வாந்தி. எடுத்தவுடன் பலருக்கு இலேசாகி விடும், அது ரேஸின் முடிவல்ல. வேகத்தைக் குறைத்து நடை, நிழலில் அல்லது கழுத்தில் ஐஸ் வைத்து உடம்பைக் குளிர்வித்தல் (வெயில் நேரமானால்), 10 முதல் 15 நிமிஷம் எதுவும் உள்ளே போகாமல் விடுதல், பிறகு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு வாய் தண்ணீர் அல்லது கேஸ் எடுத்த கோலா. நின்றால் சூப் கால் கப். அதுவும் நின்றால் ஒரு துண்டு உருளைக்கிழங்கு. இந்த வரிசையை அவசரப்படுத்தி, இழந்த கலோரியை ஒரே நேரத்தில் ஊற்றினால் மறுபடி வரும். காரணம் பெரும்பாலும் வேகமும் சூடும்தான்: வயிற்றுக்கு ரத்தம் போகவில்லை, உள்ளே போனது அப்படியே நிற்கிறது.

வாந்தியோடு தலைவலியும் விரல் வீக்கமும் இருந்தால் கதை வேறு. வாட்ச் பட்டை தோலில் பதிந்திருக்கிறதா, மோதிரம் இறுகியிருக்கிறதா பாருங்கள் (மோதிரத்தை ஸ்டார்ட்டிலேயே கழற்றி வாங்கிக்கொள்வது நல்லது). தேவைக்கு மேல் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கினால் இப்படி வரும். பார்க்க நீர் வற்றியவர் மாதிரியே இருப்பார், உறவினர் பதறி இன்னும் ரெண்டு பாட்டில் தண்ணீர் கொடுப்பார், அதுதான் ஆபத்து. பேச்சு குழறினால், இருக்கும் இடம் தெரியாமல் பேசினால் தண்ணீரை நிறுத்திவிட்டு உடனே மருத்துவக் குழு. உப்பு மாத்திரை போட்டிருக்கிறாரே என்று நிம்மதி அடைய வேண்டாம், அளவுக்கு மீறிய தண்ணீரை அது ஈடு கட்டாது.

ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டிய ஒரே மருத்துவக் கேள்வி: "கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனீங்க, என்ன நிறம்?" அடர் மஞ்சள் என்றால் குடிக்கச் சொல்லலாம். கோலா நிறம் என்றால் அவர் எவ்வளவு தெம்பாக இருந்தாலும் மருத்துவரைத் தாண்டி அனுப்பக் கூடாது.

குளிரில்: நடுங்குவது பரவாயில்லை, நடுக்கம் நின்றுபோய் ஆள் மந்தமாகித் தடுமாறினால் மோசம். ஈர உடையை முழுக்கக் கழற்றிவிட்டுத்தான் போர்வை. ஈரத்தின் மேல் போர்த்துவது வீண். வெயிலில்: உடம்பு கொதித்து, பேச்சு மாறினால் முதலில் ஐஸ் தண்ணீரால் குளிர்விப்பது, அப்புறம்தான் வண்டி.

பார்வை பனி மூட்டம் போல மங்கலாகத் தெரிகிறது என்று இரவின் கடைசியில் சொன்னால் பெரும்பாலும் கருவிழி வீக்கம், சில மணி நேர ஓய்வில் சரியாகும். ஆனால் அந்தக் கண்ணோடு கல்லும் வேருமான இறக்கத்தில் போக முடியுமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் கண்ணாடியைக் கையோடு வைத்திருங்கள்.

---

கடைக்கோடி:

அந்தச் சத்தியத்தைச் செய்யாதீங்க. பதிலா ரேஸுக்கு முந்தின வாரம் ரெண்டு பேரும் உக்காந்து ஒரு தாளில் எழுதுங்க.

முதல் பகுதி: விவாதமே இல்லாம நிறுத்த வேண்டியவை. ராத்திரி_ஷிஃப்ட் சொன்ன குழப்பம், கோலா நிற மூத்திரம், நெஞ்சு வலி, வாந்தியில் ரத்தம், சமதளத்திலேயே நொண்டி, அந்த நொண்டல் மணிக்கு மணி கூடுது. இதுல நீங்க சொல்றதுதான் முடிவுன்னு அவர் கையெழுத்துப் போடட்டும். 

ரெண்டாவது பகுதி: "முடியலை, சலிச்சுப் போச்சு, அர்த்தமே இல்லை". இதுக்கு அரை மணி நேர வழக்கம். சாப்பாடு உள்ளே, காய்ஞ்ச சாக்ஸ், கனமான உடை, அடுத்த எய்ட் ஸ்டேஷன் வரைக்கும் நடை. அங்கே போயும் நிறுத்தணும்னா நிறுத்தலாம். உக்காந்த இடத்துல, பசியோட, குளிர்ல எடுக்கற முடிவு செல்லாதுன்னு எழுதி வைங்க.

மூணாவது, கட்-ஆஃப் கணக்கு. இதை மனசுக்குள்ள போடாதீங்க, முன்னாடியே தாளில் இருக்கணும். 105ஐ ராத்திரி 10:42க்கு விட்டா 55 கி.மீ.க்கு 12 மணி நேரம் 18 நிமிஷம், கி.மீ.க்கு 13 நிமிஷத்துக்கு மேலேயே கிடைக்கும், நடையும் ஓட்டமுமா தாராளம். ராத்திரி 12:30க்கு விட்டா 630 நிமிஷம், கி.மீ.க்கு பதினொன்றரை கூட இல்லை, ஏத்தம் இருந்தா கடினம். 136ஐ காலை 6க்கு விட்டா 24 கி.மீ.க்கு 300 நிமிஷம், கி.மீ.க்கு 12 நிமிஷம் 30 வினாடி, விரைவு நடைக்கே கிட்டத்தட்ட சரி. இந்த மூணு வரியைப் பார்த்தா "நேரமில்லை, விட்டுடலாம்"னு அவர் சொல்றது நிஜமா, களைப்பா தெரியும்.

---

பாதி_சூப்:

ஒண்ணு மட்டும் மாறுபடறேன் கடைக்கோடி. அரை மணி வழக்கத்தை மனைவியே நடத்தினா நிறைய வீட்டுல எடுபடாது. அழுவார், கெஞ்சுவார், இவங்களும் இளகிடுவாங்க. முடிஞ்சா அந்த வேலையை எய்ட் ஸ்டேஷன் தலைவர்கிட்ட கொடுங்க, "இவரு என்கிட்ட நிறுத்தறேன்னுதான் சொல்வாரு, நீங்க ஒரு வார்த்தை பேசுங்க"ன்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. அவங்க நூறு பேரைப் பார்த்தவங்க.

---

கடைக்கோடி:

சலிப்புக்கு ஒத்துக்கறேன். முதல் பகுதிக்கு ஒத்துக்க மாட்டேன். தன்னார்வலருக்கு அவர் எப்பவுமே இப்படித்தான் பேசுவாரா, இன்னிக்கு மட்டும் குழறுதான்னு தெரியாது. அது மனைவி கண்ணுக்குத்தான் தெரியும்.

---

மூணாவது_வளைவு:

இன்னொன்று விட்டுவிட்டேன், உங்கள் தூக்கம். 105இல் 10:42க்கு அவர் கிளம்பினால் 136க்கு 4:30 ஆகும், நடுவில் சுமார் 6 மணி நேரம். முதலில் 136க்கு ஓட்டிப் போய், நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டுப் படுங்கள். 105லேயே தூங்கிவிட்டு அப்புறம் ஓட்டலாம் என்று நினைத்தால் அலாரம் அடித்தும் கேட்காமல் போவதுதான் வழக்கம். ரெண்டு அலாரம், கூடவே எய்ட் ஸ்டேஷன் பதிவாளரிடம் கணவரின் பிப் எண்ணையும் (சட்டையில் குத்தும் ஓட்ட எண்) கார் நிற்கும் இடத்தையும் சொல்லி, முந்தைய செக்பாயின்ட்டை உங்கள் கணவர் தாண்டிய தகவல் வந்ததும் கதவைத் தட்டச் சொல்லுங்கள். நீங்களும் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாப்பிடணும், அதைத் தாளில் அவர் நேரத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். க்ரூ பசியில் இருந்தால் அவர் கோபமும் உங்கள் கோபமும் ஒரே நேரத்தில் வரும்.

முடிவுக் கோட்டில்: தாண்டியவுடன் உட்கார விடாமல் 5 நிமிஷம் மெதுவாக நடக்க வையுங்கள். கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றால் தலை சுற்றி விழுவார்கள். விழுந்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிஷத்தில் சரியாகும். ஆகவில்லை என்றால், அல்லது பேச்சு குழறினால் மருத்துவக் குழு. பத்து நிமிஷத்துக்குள் குளிர் பிடிக்கும், காய்ந்த சட்டை, ஜாக்கெட் கையில் இருக்கட்டும். ஷூவுக்குப் பதிலாக ஒரு அளவு பெரிய செருப்பு. பாதத்தில் ஒட்டிய டேப்பை அங்கேயே பிரிக்க வேண்டாம், வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் தோல் அதோடு பிய்ந்து வராது. ரெண்டு நாளைக்கு அந்த வலி மாத்திரை கிடையாது. அடுத்த 12 மணி நேரத்தில் சிறுநீர் வரவே இல்லை, அல்லது கோலா நிறத்தில் வந்தது என்றால் மருத்துவமனை.

அவர் ஓட்டக் கூடாது, அது சொல்லாமலே தெரியும். நீங்களும் 30 மணி நேரம் அரைத் தூக்கத்தில் இருந்தவர், ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். வண்டியில் அவரைப் பின் சீட்டில் கால் நீட்டி உட்கார வைத்து, ஒரு வாந்திப் பையை அவர் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள். முதல் வளைவிலேயே தேவைப்படலாம்.